சிறு பிள்ளைகளோடு பேங்காக்: காலை ஏழுக்கு வெளியே, பதினொன்றரைக்கு அறைக்குள்

பேங்காக் நேரம் நம் மலேசிய நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. பேராக்கில் உள்ள நம் சுங்கை சிப்புட்டில் காலை ஆறரைக்கு எழும் பிள்ளை அங்கே ஐந்தரைக்கே கண்ணைத் திறந்துவிடும். தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, ஆள் கிளம்பும் வீடு என்றால் அதற்கும் முன்னாலேயே விழிப்பு வந்துவிடும். ஆனால் பெரும்பாலான பெற்றோர் ‘இன்னும் கொஞ்சம் தூங்கட்டும்’ என்று விளக்கை அணைத்துவிட்டு, பசியாறலை ஒன்பது வரை இழுத்து, பத்து மணிக்குத்தான் வெளியே கால் வைக்கிறார்கள். அதற்குள் வெயில் ஏறிவிடுகிறது, அரண்மனைப் பக்கம் சுற்றுலாப் பேருந்துகள் வரிசை கட்டிவிடுகின்றன. பிள்ளையின் உடம்புக்கோ அது பதினொரு மணி. சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் ஏங்கும் நேரத்தில் அதை வரிசையில் நிறுத்தினால் அழாமல் என்ன செய்யும்?

ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்றால் உடம்பை மலேசிய நேரத்திலேயே விட்டுவிடுங்கள். பேங்காக் நேரப்படி காலை ஏழு மணிக்கு வெளியே, பதினொன்றரைக்குள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும். மதியம் தூக்கம், நான்கு மணிக்கு மேல் பூங்காவோ கோயிலோ, இரவு எட்டுக்குப் படுக்கை. ஒரு காலைக்கு ஒரு பகுதி போதும். இரண்டு பகுதிகளைச் சேர்த்தால் இரண்டுமே கெடும்.

கிளம்பும் முன் காகித வேலை. பன்னிரண்டு வயது வரை பிள்ளையின் கடப்பிதழுக்கு 100 ரிங்கிட். பிள்ளையும் தாய் தந்தையரில் ஒருவரும் நேரில் போக வேண்டும். ஈப்போ குடிநுழைவு அலுவலகத்துக்குப் போகும்போது பிறப்புச் சான்றிதழ், மைகிட் (பிள்ளைக்கான அடையாள அட்டை), பெற்றோரின் அடையாள அட்டை எல்லாவற்றின் மூலப்பிரதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் பின்னணி வெள்ளை என்பதால் பிள்ளைக்கு அடர்நிறச் சட்டை போடுங்கள். கடப்பிதழில் இன்னும் ஆறு மாதமாவது தவணை இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுத்தோ தந்தை விவரமோ சரியில்லாத பிள்ளைகள் நம் தோட்டப் பகுதிகளில் இன்றும் இருக்கிறார்கள். அதைச் சரிசெய்யப் பல மாதங்கள் ஆகலாம், ஆகவே டிக்கெட் வாங்கிய பிறகு அதைத் தொடங்காதீர்கள்.

விமான நிறுவன இணையப் பக்கங்கள் நம் பெயரில் ‘மகன்’, ‘மகள்’ என்பதைக் குறிக்க வரும் ஏ/எல் (A/L), ஏ/பி (A/P) சாய்கோட்டை ஏற்பதில்லை. கோட்டை மட்டும் விட்டுவிட்டு, பிள்ளையின் பெயரையும் தகப்பன் பெயரையும் கடப்பிதழில் உள்ள எழுத்துகளிலேயே போடுங்கள். குடும்பத்தில் ஒருவருக்கு ஒரு மாதிரி, மற்றவருக்கு வேறு மாதிரி போட்டால் முகப்பில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நேரும். தாத்தா பாட்டி தனியாகப் பேரப்பிள்ளையை அழைத்துப் போவதென்றால், பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட ஆங்கிலக் கடிதமும் பிறப்புச் சான்றிதழின் நகலும் கையில் இருக்கட்டும்.

தாய்லாந்து 2025 மே 1 முதல் மின்னியல் வருகை அட்டையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் ஒன்று வேண்டும். அங்கே போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் பக்கம் வந்தால் அது அரசாங்கப் பக்கமல்ல, உடனே மூடிவிடுங்கள்.

சுங்கை சிப்புட்டிலிருந்து போக வசதியான வழி பினாங்கு விமான நிலையம். சாலையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம், அங்கிருந்து பேங்காக்குக்கு நேரடி விமானம். ரயில் பிரியர்களுக்கு இன்னொரு வழி உண்டு. இடிஎஸ் என்ற விரைவு மின்ரயில் நம் ஊர் நிலையத்தில் நிற்கிறது. அதில் எல்லையிலுள்ள பாடாங் பெசார் போய், நிலையத்துக்குள்ளேயே இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையையும் முடித்து, மாலையில் கிளம்பும் தாய்லாந்துப் படுக்கை ரயிலில் ஏறினால் மறுநாள் காலை பேங்காக். கீழ்ப்படுக்கை அகலமானது, விலையும் கொஞ்சம் கூடுதல். சிறுபிள்ளையோடு படுப்பவருக்குக் கீழ்ப்படுக்கைதான் வேண்டும். குளிர்சாதனம் நடுங்க வைக்கும், காலுறையும் தடித்த சட்டையும் மேலே கைக்கு எட்டும்படி இருக்கட்டும். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இந்த இரவுப் பயணமே ஒரு கொண்டாட்டம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அது நீண்ட அடைப்பு, அதனால் விமானமே மேல். ரயில் இப்போது பழைய ஹுவாலம்போங் நிலையத்துக்குப் போவதில்லை. 2023 ஜனவரியிலிருந்து நெடுந்தூர ரயில்கள் குருங் தேப் அபிவாட் நிலையத்தில்தான் முடிகின்றன. பழைய குறிப்புகளை நம்பி ஹுவாலம்போங் பக்கம் ஹோட்டல் எடுத்தவர்கள், மூட்டை முடிச்சோடும் பிள்ளைகளோடும் இன்னொரு பயணம் போக வேண்டியிருக்கும்.

தங்குவதற்கு எங்கள் தேர்வு, வான்ரயில் பாதையில் சப்பான் தக்சின், சுரசாக் என்ற இரு நிலையங்களுக்கு நடந்து போகக்கூடிய பகுதி. சப்பான் தக்சினில் இறங்கினால் காலடியிலேயே சாத்தோன் படகுத்துறை. சுரசாக்கிலிருந்து நடக்கும் தூரத்தில் மாரியம்மன் கோயில். இந்த இரண்டும் பக்கத்தில் இருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

முதல் காலை: சாவோ பிரயா ஆறும் வாட் போ கோயிலும்

ஏழு மணிக்குச் சாத்தோன் துறைக்குப் போய்விடுங்கள். அங்கே தனிப்படகுக்கும் சுற்றுலாப் படகுக்கும் ஆள் பிடிப்பவர்கள் வழிமறிப்பார்கள். உங்களுக்கு வேண்டியது ஆரஞ்சுக் கொடி கட்டிய பொதுப்படகு. எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், 16 பாட். காலையில் வேலைக்குப் போகும் கூட்டம் வடக்கே நோந்தபுரியிலிருந்து தெற்கே சாத்தோனுக்கு வரும். நீங்கள் போவது எதிர்த்திசை, அதனால் உட்கார இடம் கிடைக்கும். நடத்துநர் நீளமான உலோகக் குழாய் ஒன்றைக் குலுக்கிக்கொண்டு வருவார். அதற்குள்தான் சில்லறையும் சீட்டும். அந்தச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள், காசை அவர்கள் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.

கவனம் வேண்டியது ஏறும்போதும் இறங்கும்போதும். படகு துறையில் சில நொடிகள்தான் நிற்கும். ஊழியர் விசில் ஊதிக்கொண்டே கயிற்றை மாட்டுவார், கூட்டம் இறங்கும், உடனே கயிறு கழன்றுவிடும். படகும் மிதக்கும் மேடையும் தனித்தனியாக ஆடுவதால் நடுவில் இடைவெளி திறந்து திறந்து மூடும். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் கையைப் பிடித்தால் போதாது, தூக்கிக்கொண்டுதான் தாண்ட வேண்டும். ஒரு பெரியவர் முதலில் இறங்கி நின்று பிள்ளையை வாங்கிக்கொள்ளட்டும். ஸ்ட்ரோலரைத் துறை வருவதற்கு முன்பே மடக்கிவிடுங்கள். மேடையில் நின்று மடக்கினால் பின்னால் வருபவர்கள் தடுமாறுவார்கள்.

தா தியென் துறையில் இறங்கினால் வாட் போ பக்கத்திலேயே. காலை எட்டு மணிக்குத் திறக்கும்போது நேராகச் சயன புத்தர் மண்டபத்துக்குப் போங்கள். சிலை 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். தலைப்பக்கம் நுழைந்து நடந்தால் கடைசியில் பாதங்கள். உள்ளங்கால் முழுக்க முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள். பிள்ளைகளை அதில் யானையைத் தேடச் சொல்லுங்கள். அவர்களை உண்மையிலேயே கட்டிப்போடுவது சிலையின் முதுகுப்பக்கம்தான். சுவர் ஓரமாக 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். 20 பாட் கொடுத்தால் ஒரு சிறு கிண்ணம் நிறையச் சின்னக் காசு தருவார்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு காசு போட்டுக்கொண்டே நடக்க வேண்டும். டிங், டிங் என்று மண்டபம் முழுக்க ஒலிக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்கு உயரம் எட்டாது, இடுப்பில் தூக்கிக்கொள்ளுங்கள். இரண்டு பிள்ளைகள் என்றால் இருவருக்கும் தனித்தனிக் கிண்ணம் வாங்கிவிடுங்கள். நாற்பது பாட்டில் ஒரு சண்டை மிச்சம். ஒன்பதரைக்கு மேல் போனால் பின்னாலிருந்து கூட்டம் நெருக்கும், பிள்ளை நிதானமாகக் காசு போட முடியாது.

செருப்பைக் கழற்றிப் பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும், ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை வீட்டிலிருந்தே கொண்டு போகலாம். பெரியவர்களுக்குத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வெளியே முற்றத்தில் கல் பூதங்கள் நிற்கும். பார்த்ததும் பிள்ளைகள் ஏறப் பார்ப்பார்கள், விடாதீர்கள். புத்தர் சிலைக்கு முன்னால் கால் நீட்டி உட்காருவதும் கூடாது.

பிள்ளை இன்னும் தெம்பாக இருந்தால் தா தியெனிலிருந்து அக்கரைக்கு 5 பாட் படகு. வாட் அருணின் கோபுரம் முழுக்க உடைந்த பீங்கான் துண்டுகளால் ஆன பூவேலை. படிகள் செங்குத்தானவை, ஏறுவதைவிட இறங்குவது சிரமம். பிள்ளையோடு ஒருவர் கீழேயே நின்றுவிடுங்கள். அங்கே ஒரு மண்டப வாசலில் இரண்டு பெரிய அரக்கர்கள் காவல் நிற்கிறார்கள். பச்சை நிறத்தவன் தோத்சகன், அதாவது நம் இராவணன். கதை தெரிந்த பிள்ளை தலைகளை எண்ணத் தொடங்கிவிடும்.

போனது படகில் என்றாலும் திரும்புவது படகில் வேண்டாம். பத்தரைக்கு மேல் துறையில் வெயிலும் கூட்டமும் தாங்காது. வாட் போவிலிருந்து சில நிமிட நடையில் சனம் சாய் சுரங்க ரயில் நிலையம் இருக்கிறது. உள்ளே அரண்மனை மண்டபம் போலத் தூண்களும் வேலைப்பாடும், நல்ல குளிர், மின்தூக்கி உண்டு. சீலோம் நிலையம் வரை போய், மேலே ஏறி, சாலா தேங்கில் வான்ரயிலுக்கு மாறினால் சுரசாக் மூன்றாவது நிலையம்.

ரயிலைப் பற்றி இன்னும் சில. 90 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இரண்டு ரயிலிலும் கட்டணமில்லை. சுரங்க ரயிலில் விசா, மாஸ்டர்கார்ட் அட்டையையே காட்டி நுழையலாம், ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். நுழைவுக் கதவுகள் சட்டென்று மூடிக்கொள்ளும், பிள்ளையைப் பின்னால் வரவிடாதீர்கள். தூக்கிக்கொள்ளுங்கள், அல்லது ஊழியர் இருக்கும் அகலமான வழியைக் கேளுங்கள். வான்ரயில் நிலையங்களில் கழிப்பறையை எதிர்பார்க்காதீர்கள், ஏறும் முன்பே முடித்துவிடுவது நல்லது. பேரங்காடிகளில் சுத்தமான கழிப்பறை உண்டு, நம் ஊரைப் போலவே தண்ணீர்க் குழாயும் இருக்கும்.

அரண்மனை

அரண்மனை காலை எட்டரைக்குத் திறக்கும், மாலை மூன்றரைக்கு மூடும். வெளிநாட்டவருக்கு 500 பாட். ஏழு வயதுக்குக் கீழே என்றால் விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வோம். நிழல் குறைவு, தள்ளுமுள்ளு அதிகம், ஓட விடமாட்டார்கள். பெரிய பிள்ளைகள் என்றால் பேச்சே வேறு. மரகதப் புத்தர் கோயிலைச் சுற்றியுள்ள திருச்சுற்றில் இராமாயணம் 178 ஓவியங்களாக ஓடுகிறது. அனுமன் அங்கே வெள்ளை நிறம். ஒரு ஓவியத்தில் இராட்சச உருவெடுத்து வானரப் படையையே காக்கிறான், இன்னொன்றில் கடலைத் தாண்டுகிறான். எல்லாவற்றையும் பார்க்க முயலாமல், ஒவ்வொரு ஓவியத்திலும் அனுமனைக் கண்டுபிடி என்று விட்டுவிட்டால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

அரண்மனைச் சுவர் அருகே நல்ல உடை போட்ட ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து, ‘இன்று மூடியிருக்கிறது, ஏதோ விழா, மதியம்தான் திறப்பார்கள்’ என்பார். இருபது பாட்டுக்கு டுக்டுக்கில் வேறு கோயில்களைக் காட்டுவதாகச் சொல்வார். அந்த வண்டி கடைசியில் நகைக்கடையிலும் தையற்கடையிலும் போய் நிற்கும். ஓட்டுநருக்கு அங்கேதான் தரகு. பிள்ளை வெயிலில் சிணுங்கும்போது இந்தப் பேச்சுக்குப் பெற்றோர் எளிதில் மசிந்துவிடுகிறார்கள். நுழைவாயில் வரை நடந்து போய்க் கண்ணால் பார்க்கும் வரை யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

டுக்டுக்கில் பிள்ளைகளுக்கு ஆசை இருக்கும். பக்கம் திறந்தது, இருக்கைப் பட்டை இல்லை. மாலையில் குறுகிய தூரத்துக்கு, விலை பேசிவிட்டு, பிள்ளையை நடுவில் உட்கார வைத்து ஒரு முறை போகலாம். மற்றபடி மீட்டர் போட்ட டாக்சி, அல்லது நாம் இங்கே பயன்படுத்தும் அதே கிரேப் செயலி. ஹோட்டல் முகவரி தாய் எழுத்தில் அச்சடித்த அட்டையை முதல் நாளே வாங்கி ஆளுக்கொன்றாகப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் சட்டைப் பையிலும் ஒன்று வையுங்கள், பின்பக்கம் உங்கள் கைப்பேசி எண்ணை +60 சேர்த்து எழுதி.

சாப்பாடு

பிள்ளைச் சாப்பாட்டில் இரண்டு சிக்கல்கள்: காரம், மீன் சாறு. சைவம் என்று சொல்லி வாங்கும் காய்கறிப் பிரட்டலிலும் முட்டைப் பொரியலிலும் மீன் சாறு இருக்கும், கடைக்காரர் அதை அசைவமாக நினைப்பதில்லை. முழுச் சைவம் வேண்டுமென்றால் ‘ஜே’ கடைகளைத் தேடுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பாக 17 என்று எழுதியதுபோலத் தெரியும், அதுதான் அடையாளம். அங்கே மீன், முட்டை, பால் எதுவும் சேராது, பூண்டும் வெங்காயமும்கூட இல்லை. முட்டையும் பாலும் பரவாயில்லை என்பவர்கள் ‘மங்சவிரட்’ என்று கேட்கலாம். ‘மாய் பெட்’ என்றால் காரம் வேண்டாம். ‘மாய் கின் நுவா’ என்றால் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம். மீ சூப்பும் அரிசிக் கஞ்சியும் பார்க்கச் சாதுவாக இருந்தாலும் பெரும்பாலும் பன்றி எலும்புச் சாற்றில் செய்தவை, கேட்டு வாங்குங்கள்.

எதுவும் ஒத்துவராத நாளில் வெறும் சோறு, தயிர், வாழைப்பழம். இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் செவன் இலெவன் கடைகளில் பால், தயிர், ஒற்றை வாழைப்பழம், அவித்த முட்டை எல்லாம் கிடைக்கும். பழக்கமான ஊறுகாயும் பருப்புப் பொடியும் ஒரு சிறு டப்பாவில் வந்தால் மூன்று வேளை கவலை தீரும். பால்மாவு குடிக்கும் குழந்தைக்கு வழக்கமான மாவையே முழுப் பயணத்துக்கும் எடுத்துப் போங்கள். குழாய் நீரைக் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

பணத்துக்கு: நம் வங்கிச் செயலியோ டச் அண்ட் கோ மின்பணப்பையோ அங்குள்ள பிராம்ட்பே கட்டணக் கியூஆரை ஸ்கேன் செய்யும், இரு நாட்டு மத்திய வங்கிகளும் 2021ல் இணைத்த வசதி இது. ஆனால் படகு, காசுக் கிண்ணம், சாலையோரக் கடை இவற்றுக்கு 20 பாட் நோட்டுகள் கையில் இருக்க வேண்டும்.

மதியத்துக்குப் பிறகு

பதினொன்றரையிலிருந்து மூன்றரை வரை அறையை விட்டு நகராதீர்கள். காசு கொடுத்து வந்த ஊரில் தூங்குவதா என்று தோன்றும். அந்தத் தூக்கம்தான் மாலையைக் காப்பாற்றுகிறது.

மாலைக்கு லும்பினி பூங்கா. சாலா தேங் நிலையத்திலிருந்து நடக்கலாம், கட்டணமில்லை. மிதி படகு, விளையாட்டுத் திடல், ஏரிக்கரையில் சாவகாசமாக நடந்து போகும் பெரிய பியாவாக்குகள், அதாவது உடும்புகள். செம்பனைக் காட்டில் பியாவாக் ஆளைக் கண்டதும் ஓடிவிடும். இவை ஓடுவதில்லை, அதனால் பிள்ளைகள் கிட்டே போகப் பார்ப்பார்கள். தள்ளியே நிற்கட்டும், உணவு எதுவும் போட வேண்டாம். சரியாக ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வரும். ஓடிக்கொண்டிருப்பவர்கள் அத்தனை பேரும் அப்படியே நின்றுவிடுவார்கள், நீங்களும் நிற்க வேண்டும். முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லிவையுங்கள். பள்ளிச் சபைகூடலில் நெகாராகூவுக்கு நின்று பழகிய பிள்ளைக்கு இது புரியும். ரயில் நிலையங்களிலும் காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் இதே வழக்கம்.

இன்னொரு மாலை சீலோம் சாலை மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. தாய்லாந்து மக்கள் வாட் கேக் என்கிறார்கள், கும்பிட வருபவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தாம். கூட்டம் நெருக்கமாக இருக்கும், ஸ்ட்ரோலர் உள்ளே சரிப்படாது. நவராத்திரி நாட்களில் அந்தப் பகுதியே அடைபடும். சாம் யோட் நிலையம் பக்கம் போக நேர்ந்தால், 1784ல் முதன்முதலாக எழுப்பி, பின்னர் புதிய மரத்தால் மாற்றிக் கட்டிய பெரிய சிவப்பு ஊஞ்சல் தூண்களையும் அருகிலுள்ள தேவஸ்தானத்தையும் பாருங்கள். அங்கே மார்கழியையொட்டி வரும் விழாவில் பிராமணர்கள் இன்றும் திருவெம்பாவையை ஓதுகிறார்கள். ஊஞ்சலாடும் சடங்கு 1930களில் நின்றுவிட்டது.

மழை நாளுக்குச் சியாம் பாராகன் பேரங்காடியின் கீழ்த்தளத்திலுள்ள கடல்வாழ் உயிரினக் காட்சியகம். சதுசக் பக்கம் சிறுவர் அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு, இலவசம், திங்கட்கிழமை மூடியிருக்கும், மாற்றுத் துணி வேண்டும். அதன் அருகே நடக்கும் வார இறுதிச் சந்தைக்கு மட்டும் சிறு பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள்.

தோளில் மாட்டும் பைக்குள் பிள்ளை ஒன்றுக்கு: அரை லிட்டர் தண்ணீர் இரண்டு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு, காற்சட்டை இரண்டு, சிறு துண்டு, தொப்பி, ஈரத்தாள், கொசு மருந்து. காய்ச்சல் மருந்தையும் அளவு ஊசிக்குழலையும் வெப்பமானியையும் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். அங்குள்ள மருந்து வேறு செறிவில் இருக்கலாம், நள்ளிரவில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. நடைபாதை மேடுபள்ளம், அதில் மோட்டார் சைக்கிளும் ஏறி வரும். பெரிய ஸ்ட்ரோலரை வீட்டில் விட்டு, லேசாக மடங்கும் ஒன்றையும் மார்பில் கட்டும் தூளியையும் எடுங்கள். நம் மூன்று முனைப் பிளக் அங்கே சேராது, மாற்றி வேண்டும்.

ஆண்டிறுதி விடுமுறையில் போகிறவர்கள் இழுப்பு உள்ள பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை பேங்காக் காற்றில் நுண்தூசி கூடும். இன்ஹேலர் விமானத்தில் கைப்பைக்குள்ளேயே இருக்க வேண்டும். ஏப்ரல் கடும் வெயில், 13 முதல் 15 வரை சொங்க்ரான் தண்ணீர்த் திருவிழா. சாலையில் போகும் யார் மேலும் தண்ணீர் பாயும். கைக்குழந்தையோடு அந்த மூன்று நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

கைப்பேசியில் முன்பே சேமிக்க வேண்டிய எண்கள்: சுற்றுலா போலீஸ் 1155, ஆம்புலன்ஸ் 1669, போலீஸ் 191. பிள்ளை காணாமல் போனாலும் கடப்பிதழ் தொலைந்தாலும் முதலில் 1155ஐ அழையுங்கள், ஆங்கிலத்தில் பேசலாம். ஒவ்வொரு காலையும் அறையை விட்டுக் கிளம்பும் முன் பிள்ளையை அன்றைய உடையோடு ஒரு படம் எடுத்துவையுங்கள். அன்று என்ன சட்டை போட்டிருந்தது என்று யாராவது கேட்டால் அந்தப் படத்தைக் காட்டினால் போதும்.